எலும்புக்கு ஐந்தொகை போட்ட டாக்டர்

- சிவில் இரண்டாமாண்டு மாணவி

ஜனவரி 12 என்றால் நமக்கெல்லாம் விவேகானந்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். 1863இல் அவர் பிறந்த நாளைத் தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம், மிட்டாய் கொடுக்கிறோம். அதே ஜனவரி 12இல் பிறந்த வேறு இரண்டு பேரையும் இந்த மலரைப் படிக்கிற நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஒருவர், 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். இன்னொருவர், 1900இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்து, அதே பாஸ்டனில் வாழ்ந்து மறைந்த டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட். சுப்பாராவ் பெயராவது நம்மில் சிலருக்குத் தெரியும். 1995இல் அவர் நூற்றாண்டுக்குத் தபால்தலையே வந்தது. ஆல்பிரைட் மருத்துவ உலகில் பெரிய பெயர். ஆனால் டாக்டருக்குப் படிக்கிறவர்களைத் தவிர நம் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

நம் அப்பத்தாக்களின் முதுகு ஏன் கூனுகிறது? ஐயாவைவிட ஆயாவுக்கு ஏன் இடுப்பெலும்பு சீக்கிரம் முறிகிறது? வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, இதற்குக் காரணம் ஒரு ஹார்மோன் நின்றுபோவது என்று கணக்கோடு சொன்னவர் அவர்தான். அவருடைய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிவில் படிக்கிற பெண்ணுக்கு எலும்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தூண், உத்தரம், சுமை, விரிசல், மராமத்து என்று நாம் படிக்கிற அத்தனையும் அதில் இருக்கிறது.

வசதியான வீட்டுப் பிள்ளை

ஆல்பிரைட்டின் அப்பா ஜான் ஆல்பிரைட் பெரிய தொழிலதிபர். நிலக்கரி, இரும்பு, நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் என்று பல தொழில்களில் பணம் போட்டுச் சம்பாதித்தவர். பஃபலோ நகரத்துக்கு ஓர் ஓவியக் கூடத்தையே கட்டிக் கொடுத்தவர். நம் ஊர்ப் பக்கம் சொல்வதுபோல, மகன் கடையில் போய் உட்கார்ந்திருந்தாலே போதும், காலம் ஓடியிருக்கும். ஆனால் மகன் மருத்துவத்துக்கு வந்தார். 1924இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பாஸ்டனில் இருக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கே ஜோசப் ஆப் என்ற ஆராய்ச்சியாளர் ஈய விஷத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் ஈயத்தோடு வேலை பார்க்கிறவர்களின் உடம்பில் ஈயம் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தால், எலும்பில். கால்சியம் போகிற வழியிலேயே ஈயமும் போகிறது. அதனால் ஈயத்தைப் புரிந்துகொள்ளக் கால்சியத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இளம் டாக்டர் ஆல்பிரைட் இப்படித்தான் எலும்புக்குள் நுழைந்தார். அதன்பின் வெளியே வரவேயில்லை.

பால்டிமோரில் ரீட் எல்ஸ்வொர்த் என்ற நண்பரோடு ஒரு வருடம். பிறகு வியன்னாவில் யாக்கோப் எர்ட்ஹைம் என்ற நோய்க்கூறு அறிஞரிடம் ஒரு வருடம். எலும்பையும் சுரப்பிகளையும் நுண்ணோக்கியில் பார்ப்பதில் எர்ட்ஹைமுக்கு இணையானவர்கள் அன்று மிகச் சிலரே. பிறகு பாஸ்டனுக்குத் திரும்பினார். கடைசிவரை அந்த ஒரே மருத்துவமனைதான்.

ஏழு அங்குலம் குள்ளமான கேப்டன்

அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனின் கதை மருத்துவப் புத்தகங்களில் பிரசித்தம். ஆறடிக்கு மேல் உயரமாக இருந்த மனிதர், சில வருடங்களில் ஏறக்குறைய ஏழு அங்குலம் குள்ளமாகிவிட்டார். எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்தன.

காரணம், கழுத்தில் பயறு அளவில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று கட்டியாக வளர்ந்து, அளவுக்கு மீறி ஹார்மோனைச் சுரந்தது. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி ரத்தத்தில் கொட்டும். ஆறு முறை அறுவை செய்தும் கட்டி அகப்படவில்லை. கேப்டன் சும்மா இருக்கவில்லை. தானே உடற்கூறியல் புத்தகங்களைத் தேடிப் படித்தார். நெஞ்சுக்குள் தேடிப் பாருங்கள் என்று டாக்டர்களைத் தூண்டினார். 1932இல் ஏழாவது அறுவையில் கட்டி நெஞ்சுக்குள்தான் இருந்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

அவரைக் கவனித்து ஆராய்ந்த டாக்டர்களில் ஆல்பிரைட்டும் ஒருவர். எலும்பு ஒரு கல் இல்லை, ஒரு துளி ஹார்மோன் அதைக் கரைத்துவிடும் என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார்.

வரவும் செலவும்

அந்த மருத்துவமனையில் வார்டு 4 என்று ஒரு சிறு பிரிவு இருந்தது. அங்கே நடந்த வேலையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. ஐந்தொகை என்று ஒரு சொல் போதும்.

நோயாளி சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துக் கொடுப்பார்கள். அதே சாப்பாட்டில் இன்னொரு பங்கை ஆய்வகத்தில் சோதித்து அதில் கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று எழுதுவார்கள். அது வரவு. சிறுநீரையும் மலத்தையும் நாள் கணக்கில் சேர்த்துவைத்து, அதில் வெளியே போனது எவ்வளவு என்று எழுதுவார்கள். அது செலவு. கழித்துப் பார்த்தால் உடம்பில் தங்கியதா, உடம்பிலிருந்து போனதா என்று தெரிந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இந்தப் பேரேடு எழுதினார்கள். அசிங்கமான வேலை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசையிலும் மற்ற இடங்களிலும். ரத்தத்தில் அந்த அளவு கொஞ்சம் குறைந்தாலும் தசை இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் உடம்பு எலும்பு என்ற பெட்டகத்திலிருந்து எடுத்து ரத்தத்தின் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். பெட்டகத்தில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆல்பிரைட் திறந்து பார்த்தார்.

இங்கேதான் நம் சுப்பாராவ் வருகிறார். சென்னையிலிருந்து போனவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க எளிய முறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இது உடனே புரியும். அந்த முறை உலகமெங்கும் ஆய்வகங்களில் நிலையான முறையாகிவிட்டது.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், எலும்பு நோய் எல்லாம் ஒன்றில்லை. பாராதைராய்டு கட்டி என்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், பாஸ்பரஸ் இறங்கும். வைட்டமின் டி குறைவால் எலும்பு மெத்தென்று ஆனால் பெரும்பாலும் பாஸ்பரஸ் இறங்கியிருக்கும். ஆனால் கூனல் விழுந்த வயதான பெண்களின் ரத்தத்தைச் சோதித்தால் இரண்டும் சரியாகவே இருந்தன! எலும்பின் தரத்தில் குறையில்லை, அளவில்தான் குறை. சிவில் பாஷையில் சொன்னால், கலவையில் சிமெண்ட் குறைந்துபோன தூண் வேறு, கலவை சரியாக இருந்தும் பருமன் குறைந்துபோன தூண் வேறு. இந்த இரண்டாவது வகைதான் எலும்புப்புரை. இப்படி வகை பிரித்துத் தெளிவாக்கியது ஆல்பிரைட்டின் பெரிய பணி.

42 பேரில் 40 பேர்

1940, 1941ஆம் ஆண்டுகளில் அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் வெளியிட்ட கட்டுரைகள்தான் இந்தக் கதையின் உச்சம். 65 வயதுக்குள் எலும்புப்புரை வந்து, வேறு காரணம் எதுவும் தெரியாத 42 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 40 பேர் மாதவிடாய் நின்றுபோன பெண்கள். இதைத் தற்செயல் என்று யார் சொல்ல முடியும்? வயசுதான் காரணம் என்றால் ஆண்களும் பாதிப் பேராவது இருக்க வேண்டாமா?

இன்னொரு சாட்சியும் இருந்தது. இளம் வயதிலேயே அறுவையில் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களுக்கு இந்த நோய் இன்னும் சீக்கிரமாக வந்தது. வயசு ஏறவில்லை, ஆனால் ஹார்மோன் நின்றுவிட்டது. எலும்பும் போய்விட்டது.

மூன்றாவது சாட்சி ஒரு புறா. 1934இல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் இருவர், பெண் புறா முட்டையிடப் போகும் சமயத்தில் அதன் எலும்புக்குள் மஜ்ஜை இருக்கும் இடத்தில் புது எலும்பு நிறைவதைக் கண்டார்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் கிடங்கு அது. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் அந்தக் கிடங்கைத் திறக்கிற சாவி. நம் வீட்டு நாட்டுக்கோழிக்கும் இதே ஏற்பாடுதான். ஆல்பிரைட் இதைப் படித்ததும், பறவைக்கு இருக்கிற தொடர்பு பெண்ணுக்கும் இருக்கக் கூடாதா என்று யோசித்தார்.

யோசனையோடு நிற்கவில்லை. எலும்புப்புரை வந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு, வார்டு 4 பேரேட்டைத் திறந்தார். சிறுநீரில் போய்க்கொண்டிருந்த கால்சியம் குறைந்தது. பற்றில் இருந்த கணக்கு வரவுக்குத் திரும்பியது. மருந்தை நிறுத்தினால் மறுபடி பற்று. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

தினமும் போகிற அளவு மிகக் கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிட்டிகைகூட இல்லை. வருடத்துக்கு 18 கிராம். பத்து வருடத்தில் 180 கிராம். இருந்த முதலே ஒரு கிலோதானே! வட்டிக் கணக்கு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

எங்க அத்தை

இந்தக் கட்டுரையை நான் ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்க அத்தை காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். 36 வயதில் மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகமாகி, ஒரு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் பிள்ளை பெறப் போறதில்லையே, எதுக்கு வச்சிருக்கணும் என்று சொன்னார்களாம். அத்தையும் சரின்னுட்டார். ரத்தப்போக்கு நின்றது. வயல் வேலைக்குத் திரும்பினார். எல்லாருக்கும் நிம்மதி.

47 வயதில் ஒருநாள் தண்ணிக்குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுளீரென்றது. படம் எடுத்துப் பார்த்தால் முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. அடுத்த வருடம் வழுக்கி விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டும் போச்சு. அப்பத்தா நிமிர்ந்து நடக்க, அவர் மகள் கூனி நடக்கிறார். பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தை நான் எடுத்துப் படித்தேன். சினைப்பை எடுத்தது ஒரு வரியாக இருந்தது. எலும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எலும்பு டாக்டர் ஒருவர்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவர் வாயிலிருந்துதான் ஆல்பிரைட் என்ற பெயரை முதலில் கேட்டேன். அந்த மனிதர் 1941இலேயே எழுதிவைத்த விஷயம், எங்க அத்தை காதுக்கு வராமலே போய்விட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புற்றுநோய் போன்ற காரணங்களுக்காகச் சினைப்பையை எடுத்தே ஆக வேண்டிய நிலை வரும். அப்போது எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு எலும்பைக் காப்பாற்ற என்ன வழி என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

இடிக்கிறவரும் கட்டுகிறவரும்

இனி, உள்ளே நடப்பது என்ன என்று இன்றைய அறிவியல் சொல்வதைப் பார்ப்போம்.

நம் ஊரின் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வருடாவருடம் மராமத்து பார்த்தால்தான் நிற்கும். ஓடு மாற்ற வேண்டும், பூச்சு உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எலும்பும் அப்படித்தான். இரண்டு வகை வேலையாட்கள் அதில் ஓயாமல் வேலை பார்க்கிறார்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அமிலத்தால் கரைத்துக் குழி தோண்டும். ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பும். தோண்ட இரண்டு மூன்று வாரம் போதும். நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். இடிக்கிறது சுலபம், கட்டுகிறதுதான் கஷ்டம்! இப்படி வருடத்துக்கு எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது.

ஈஸ்ட்ரோஜன் இந்த வேலையில் மேஸ்திரி மாதிரி. இடிக்கிற ஆட்கள் அளவுக்கு மேல் சேராமலும், வேலை முடிந்ததும் கலைந்துபோகும்படியும் பார்த்துக்கொள்கிறது. கட்டுகிற ஆட்களை நீண்டநாள் இருக்க வைக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேஸ்திரி போய்விட்டார். இடிக்கிற கூட்டம் பெருகுகிறது, ஒவ்வொரு குழியும் ஆழமாகிறது. கட்டுகிறவர்களும் ஓடியாடிப் பார்க்கிறார்கள். ஆனால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் ஐந்தாறு வருடங்களில்தான் இழப்பு அதிவேகம்.

இந்த இடத்தில் ஆல்பிரைட் ஒன்றைத் தவறாக நினைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் போனால் கட்டுகிற செல்கள் சோர்ந்துவிடுகின்றன, அதுதான் நோய்க்குக் காரணம் என்பது அவர் கருத்து. பிற்கால ஆராய்ச்சிகள், இடிக்கிற வேலை மிஞ்சிப்போவதுதான் முதல் காரணம் என்று காட்டின. 1988இல்தான் எலும்புச் செல்களிலேயே ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருப்பது தெரிந்தது. 1997, 1998இல், இடிக்கிற செல்களை உருவாக்கும்படி சைகை கொடுக்கும் ராங்க்லிகண்ட் என்ற புரதமும், அந்தச் சைகையைத் தடுக்கும் இன்னொரு புரதமும் அறியப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்தச் சைகையின் கை ஓங்கிவிடுகிறது. அதைத் தடுக்கும் ஊசி மருந்து 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

விளக்கம் பாதி மாறியது. ஆனால் அவர் போட்ட கணக்கு மாறவில்லை. ஈஸ்ட்ரோஜன் நின்றால் எலும்பு போகும் என்ற முடிவு அப்படியே நிற்கிறது. அளந்து எழுதியவனின் நோட்டு அவன் கொள்கையைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்பது நம்மைப்போல் லேப் ரெக்கார்டு எழுதுகிறவர்களுக்கு நல்ல பாடம்.

ஆண்கள் தப்பித்தார்களா?

இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் என்று மாணவ நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 1942இல் ஆல்பிரைட்டின் மேற்பார்வையில் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் டாக்டர், விரை சிறுத்து ஆண் ஹார்மோன் குறைந்த ஆண்களைப் பற்றி எழுதினார். விஷயத்தை எடுத்துக் கொடுத்தவர் ஆல்பிரைட். ஆனால் கட்டுரையில் இளைஞரின் பெயரை முதலில் போடவைத்தார். இன்றுவரை அந்த நிலை கிளைன்ஃபெல்டர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இப்படிப் பெயரை விட்டுக்கொடுக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்? அந்த ஆண்களில் பலருக்கு எலும்பு மெலிவதும் பின்னால் தெரிந்தது.

1994இல் இன்னொரு வியப்பு. 28 வயது ஆண் ஒருவர், உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்போ மெலிந்திருந்தது. ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் அவருக்குப் போதுமான அளவு இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பழுதாகியிருந்தது. ஆணின் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி, எலும்பைக் காக்கிறது, உரிய வயதில் வளர்ச்சியை நிறுத்துகிறது என்பது அப்போது நிச்சயமானது. ஆண்களுக்கு இது ஒரேயடியாக நிற்பதில்லை, மெல்ல மெல்லத்தான் குறைகிறது. அதனால்தான் ஐயாவின் முதுகு தாமதமாகக் கூனுகிறது.

ஸ்டீராய்டு வகை ஹார்மோன் மிகுந்தாலும் எலும்பு கரையும் என்பதையும் ஆல்பிரைட் காட்டினார். மூட்டுவலிக்கும், மூச்சிரைப்புக்கும், ஜிம்மில் உடம்பு ஏற்றவும் டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை விழுங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நடுங்கிய கை

இத்தனை வேலையையும் அவர் நல்ல உடம்போடு செய்யவில்லை. முப்பதுகளின் நடுவிலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. கை நடுங்கும், நடை தடுமாறும், பேச்சு குழறும். 1941இன் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வந்தபோதே அவருக்கு இந்த நோய் இருந்தது. அவரிடம் பயில வந்த இளம் டாக்டர்கள் அவருக்காகக் கார் ஓட்டினார்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். மனைவி கிளேரும் இரண்டு மகன்களும் வீட்டில் துணை நின்றார்கள். தன் நோயைப் பற்றியே வேடிக்கையாக எழுதியிருக்கிறார் என்றால் அவர் மனத்திடத்தைப் பாருங்கள். 1948இல் எட்வர்டு ரைஃபன்ஸ்டைனோடு சேர்ந்து பாராதைராய்டு பற்றியும் எலும்பு நோய்கள் பற்றியும் எழுதிய பெரிய நூல், பல தலைமுறை டாக்டர்களுக்குப் பாடமாக இருந்தது.

அதே 1948இல்தான் சுப்பாராவ் 53 வயதில் காலமானார். ஒரே தேதியில் பிறந்து ஒரே ஊரில் உழைத்த இருவரில் ஒருவர் போய்விட்டார்.

1956இல் ஆல்பிரைட் ஒரு முடிவெடுத்தார். மூளையில் ஊசி செலுத்தி நடுக்கத்தைக் குறைக்கும் அறுவை அப்போது புதிது. ஆபத்தானது. நெருங்கியவர்கள் தயங்கினார்கள். நோயாளிகளிடம் எத்தனையோ புதுச் சிகிச்சைகளைச் சோதித்தவர், தன் முறை வந்தபோது பின்வாங்கவில்லை. ஒரு பக்கத்துக்குச் செய்தது நல்ல பலன் தந்தது. மறுபக்கத்துக்குச் செய்தபோது மூளையில் ரத்தம் கசிந்தது. அந்த அறிவு அத்தோடு அணைந்தது. பேச்சில்லாமல், தான் உழைத்த அதே மருத்துவமனையில் 13 வருடம் படுக்கையில் கிடந்து, 1969 டிசம்பர் 8இல் காலமானார். பார்க்கின்சனுக்கு லெவோடோபா என்ற மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்பது 1967இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அவருக்கு அது மிகத் தாமதம்.

நம் கையில் இருப்பது

அவர் தொடங்கிய ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை என்ன ஆயிற்று? பல வருடம் பெண்களுக்கு அது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவில் ஒரு மிகப் பெரிய ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்தால் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுகின்றன என்று காட்டியது. அதனால் இன்று யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு நாள் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். சீக்கிரமே சினைப்பையை இழந்த பெண்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை கொடுப்பது இன்றும் வழக்கம். மற்றவர்களுக்கு வேறு நல்ல மருந்துகளும் இருக்கின்றன. டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் பெட்டகத்தில் எவ்வளவு மிச்சம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

எலும்புக்கு முதல் சேர்க்கிற வயது ஏறக்குறைய 30 வரைதான். அதாவது நம் வயது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால், மோர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற சின்ன மீன், கொஞ்சம் வெயில், கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் சுமை தூக்கல், இவ்வளவுதான் வேண்டும். சுமை தாங்குகிற எலும்பில்தான் கட்டுகிற செல் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும்.

தோழிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடம்பு இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து, மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால், தொல்லை விட்டதுன்னு சந்தோஷப்படாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கலாம், 20 வயதிலேயே எலும்பு கரைய ஆரம்பித்திருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பேச்சு வந்தால், சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன் எடுக்கிறீர்கள், எடுத்தால் எலும்புக்கு என்ன செய்வது என்று இந்த மூன்று கேள்வியையும் கூடப் போய்க் கேளுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருப்பது அதற்குத்தானே!